9 ஆண்டுகளாக ஒரு காக்டெயிலோடு

எங்கள் வீட்டுக் காக்டெயிலுக்கு, அதாவது கொண்டை வைத்த சின்னக் கிளிக்கு, இப்போது வயது 9. மூன்று மாதக் குஞ்சாக வாங்கினோம். "ஆண்தான், நன்றாக விசிலடிக்கும்" என்று சொல்லி விற்றார்கள், நாங்களும் நம்பி ராஜா என்று பெயர் வைத்தோம். சாம்பல் நிறக் காக்டெயில்கள் குஞ்சாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், முதல் இறகு உதிர்ப்பு முடிந்த பிறகுதான் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ராஜாவின் முகம் சாம்பலாகவே இருந்தது, வாலின் அடியில் இருந்த வரிகளும் மறையவில்லை, இரண்டாவது வயதில் ஒருநாள் காலையில் கூண்டுத் தரையில் ஒரு முட்டை. அவள் அந்தப் பெயருக்குப் பழகிவிட்டதால் அதையே வைத்துக்கொண்டோம்.

வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கூண்டு, தீனி எல்லாம் பிறகு. இது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகளில் தண்ணீரைத் தேடிக் கூட்டம் கூட்டமாக இடம் மாறித் திரியும் பறவை. காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே சின்னது, வாலோடு சேர்த்து 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை 100 கிராம் அளவில். ஒற்றையாக வளர்த்தால் வீட்டில் இருக்கும் மனிதர்கள்தான் அதன் கூட்டம். நான் அடுத்த அறைக்குப் போனால் உடனே ஒரு கூவல் வரும், இங்கிருந்து ஒரு விசில் கொடுத்தால் அடங்கிவிடும், கொடுக்காவிட்டால் கத்தல் ஏறிக்கொண்டே போகும். அதைத் தொல்லை என்று நினைத்துத் துணி போட்டு மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு மனசு தாங்காது. எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது, அவ்வளவுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டு வரை, சில இன்னும் கூடுதலாகவும் வாழும், அத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

அப்புறம் எடைக்கருவி. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எடைக்கருவி ஒன்றை நாலாவது ஆண்டில்தான் வாங்கினேன், முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். நோயைக் காட்டிக்கொண்டால் காட்டில் வேட்டைப் பறவை அதைத்தான் முதலில் தூக்கும் என்பதால் இந்த இனம் கடைசிவரை மறைக்கும். நாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது பெரும்பாலும் நாள் கடந்துபோயிருக்கும். ராஜாவின் வழக்கமான எடை 94. ஒரு வாரத்தில் அது 92, 89 என்று இறங்கி 86-க்கு வந்தது. அவளோ எப்போதும்போலக் கிண்ணத்தருகே நின்று கொறித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விதையை எடுத்து உமியை உரிக்கிறாள், பருப்பை அப்படியே கீழே விட்டுவிடுகிறாள். சாப்பிடுவதுபோல ஒரு பாவனை மட்டும். 100 கிராமுக்கும் குறைவான உடம்பில் 8 கிராம் போவது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனோம், தொற்று என்றார், பத்து நாள் மருந்து, தேறிவிட்டாள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை, அதனால் பார்ப்பவர் யார் என்று பறவை வாங்கும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது. எடையைத் தினமும் காலையில், தீனி வைக்கும் முன் பார்த்து எழுதி வைக்கிறேன். கூண்டின் அடியில் வெறும் வெள்ளைத்தாள் விரிப்பதும் இதற்காகத்தான், எச்சத்தின் நிறமோ நீர்த்தன்மையோ மாறினால் உடனே கண்ணில் படும்.

முட்டை விஷயத்தை யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆண் துணை இல்லாமலே இடும், அவை பொரிக்காது. முதல் முறை வந்த முட்டையை எடுத்து வெளியே போட்டேன், அடுத்த ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னொன்று, எடுக்க எடுக்க இட்டுக்கொண்டே இருந்தாள், ஏழு வரை போனது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அவள் எலும்பிலிருந்தும் போகிறது, சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்து. இப்போது முட்டையை எடுப்பதில்லை, அவளாக அலுத்து விட்டுப்போகும் வரை அடைகாக்க விடுகிறேன், மூன்று வாரம் போல ஆகும். அதைவிட முக்கியம் முட்டையிடும் எண்ணமே வராமல் பார்த்துக்கொள்வது. இரவில் 12 மணி நேரம் இருட்டில் தூங்க விட வேண்டும், அலமாரி இடுக்கு, அட்டைப்பெட்டி என்று எந்த மறைவிடத்திலும் நுழைய விடக்கூடாது, கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் எடுத்துவிட வேண்டும், தலையையும் கழுத்தையும் தவிர வேறு எங்கும் தடவக்கூடாது. முதுகைத் தடவினால் அது நம்மை இணையாக எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கூண்டில் கணவாய் ஓடு எப்போதும் தொங்கும். இதையெல்லாம் ஆரம்பித்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை என்று குறைந்திருக்கிறது.

தீனியில் முதல் இரண்டு ஆண்டு செய்தது தப்பு. வெறும் விதைக் கலவை, அதிலும் சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை இறைத்துவிடுவாள். விதையிலேயே காலம் தள்ளும் பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். பெல்லட்டுக்கு, அதாவது சத்துகளைக் கலந்து உருண்டையாகச் செய்த தீனிக்கு, மாற்ற மூன்று மாதம் பிடித்தது, விதையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, எடையைப் பார்த்துக்கொண்டே. காரட்டை அவள் முன்னால் நான் கடித்துத் தின்று காட்டிய பிறகுதான் தொட்டாள், கூட்டம் தின்பதைத்தான் தானும் தின்னும். தினைக்கதிர் மட்டும் பரிசாக, கையில் வந்து உட்கார்ந்தால். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம், கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஒட்டாத பூச்சுப் போட்ட பாத்திரம் அடுப்பில் அதிகம் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும், எங்கள் வீட்டில் அந்தப் பாத்திரமே இப்போது கிடையாது.

இரவுப் பதற்றம் என்று ஒன்று உண்டு, காக்டெயில்களுக்கு மற்ற கிளிகளைவிட அதிகம். ஒருமுறை நள்ளிரவில் கூண்டே இடிந்து விழுவதுபோலச் சத்தம், ஓடிப்போய் விளக்கைப் போட்டால் கம்பிகளில் எல்லாம் ரத்தத் துளி, ஒரு மூலையில் கொண்டை விறைத்து மூச்சிரைத்தபடி நிற்கிறாள். புதிதாக முளைத்துக்கொண்டிருந்த இறகு ஒன்று ஒடிந்திருந்தது, அப்படிப்பட்ட இறகுக்குள் ரத்தம் ஓடும். சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்தேன், நின்றது. கையோடு சேர்த்து அவள் நெஞ்சும் படபடத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து அறையில், தூக்கத்துக்கு வேண்டிய இருட்டைக் கெடுக்காத அளவுக்கு மங்கலான ஒரு விளக்கு எரிகிறது.

தூசி உண்டு, இறகிலிருந்து மாவு மாதிரி உதிரும், கறுப்பு மேஜையில் ஒரே நாளில் தெரியும். ஆஸ்துமா இருக்கிறவர்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிக்க வைத்தால் ஓரளவு குறையும். பேசுமா என்றால், ராஜா ஒரு சொல்கூடப் பேசியதில்லை, பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான். பேச்சுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கொண்டையைப் படிக்கப் பழகினால் போதும். நேராக விறைத்தால் பயமோ வியப்போ, தலையோடு ஒட்டப் படுத்து வாய் சீறினால் தள்ளி நில் என்று அர்த்தம், பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதியாக இருக்கிறது.

இன்னொன்று வாங்கி ஜோடி சேர்க்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளியே வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் இரண்டாக வாங்குவதுதான் சரி என்று நானே சொல்வேன். எங்கள் வீட்டில் பகல் முழுக்க ஆள் இருக்கிறோம், முட்டைத் தொல்லை வேறு, அதனால் சேர்க்கவில்லை. இப்போது அவளுக்கு இறகு உதிரும் காலம். தலையில் புது இறகுகள் உறைக்குள் முள் முள்ளாக நிற்கின்றன, அந்த இடம் அவள் அலகுக்கு எட்டாது. காட்டில் துணைப்பறவை கோதிவிடும். இங்கே என் கைக்குக் கீழே வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், நகத்தால் மெல்ல உருட்டினால் உறை வெள்ளைத் தூளாக உதிர்கிறது.