பாசிக்குடாவா, கல்குடாவா? அம்மாவுடன் ஒரு கடற்கரைப் பயணம்

கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு படங்களைப் பார்த்து முடிவெடுப்பவருக்குப் பாசிக்குடாவும் கல்குடாவும் ஒரே கடற்கரையின் இரண்டு பெயர்களாகத்தான் தோன்றும். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில், வாழைச்சேனைக்குக் கிழக்கே, கடலுக்குள் நீட்டி நிற்கும் ஒரு நிலமுனையின் வடபுறம் பாசிக்குடாவும் தென்புறம் கல்குடாவும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால், முழங்கால் வலியுள்ள 74 வயது அம்மாவையும், கடலென்றால் துள்ளிக் குதிக்கும் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு, எந்தப் பக்கம் தங்குவது என்பது சிறிய கேள்வி அல்ல. சென்ற ஆகஸ்டில் இரண்டு இரவு பாசிக்குடாவிலும் இரண்டு இரவு கல்குடாவிலும் தங்கினோம். வயதான பெற்றோருடன் அடுத்த விடுமுறையில் அங்கே போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

அம்மா வாழைச்சேனையில் வளர்ந்தவர். அம்மப்பா அங்குள்ள காகித ஆலையில் வேலை செய்தவர். விடுமுறை நாளில் ஆலைக் குடும்பங்கள் சேர்ந்து பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போன கதையைச் சிறு வயதில் பல தடவை கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்மா கடலுக்குள் கால் வைக்கவில்லை. மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடியில் தங்கச்சியின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடல் இருந்தும், அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தே இருபது வருடம் கழித்துவிட்டார். இந்த முறை பேரப்பிள்ளைகள் கேட்டதால்தான் சம்மதித்தார். எனவே அம்மா பயப்படாமல் இறங்கக்கூடிய தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் எங்களுடைய முதல் தேவையாக இருந்தது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

இரண்டு குடாக்களுக்கும் உள்ள வேறுபாடு கடலின் அடியில் இருக்கிறது. பாசிக்குடா அரைவட்டமாக வளைந்த குடா. வெளியேயுள்ள முருகைக்கற்பார் (பவளப்பாறைத் திட்டு) அலையை அங்கேயே உடைத்துவிடுவதால், உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். கல்குடாவோ திறந்த கடல். மணல் பரந்து வெண்மையாக இருக்கிறது, ஆட்கள் குறைவு, பார்க்கப் பாசிக்குடாவைவிட அழகு என்றே சொல்வேன். ஆனால் நாங்கள் இறங்கிய இடத்தில் சில அடிகளுக்குள்ளேயே ஆழம் தொடங்கியது, திரும்பிப் போகும் அலை காலடி மணலை இழுத்துக்கொண்டு போவதை நன்றாக உணர முடிந்தது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான மாதங்களே இந்தப் பக்கத்துக்கு உகந்த காலம். மாரியில், வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை, குளிக்கும் நோக்கத்தில் இரண்டுக்குமே போகாமல் இருப்பது நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று பகல் முழுவதும் அனலாக அடிக்கும் என்பதையும் முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாசிக்குடாவில் நாங்கள் தங்கியது, போர் முடிந்த 2009க்குப் பின் குடாவைச் சுற்றி எழுந்த பெரிய ஹோட்டல்களில் ஒன்று. அறை, உணவு, பணியாளரின் கவனிப்பு ஆகியவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கட்டண விடயத்தில்தான் மனம் நொந்தது. அம்மாவிடம் உள்நாட்டு அடையாள அட்டை இருப்பதால் அவருடைய அறைக்கு உள்நாட்டவருக்கான கட்டணமே என்று தொலைபேசியில் சொன்னவர்கள், போய் இறங்கியதும், முன்பதிவு கனடாவிலிருந்து செய்யப்பட்டதால் எல்லா அறைகளுக்கும் டொலர் கட்டணம்தான் என்றார்கள். பயணக் களைப்போடு அம்மா சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்க, நான் முக்கால் மணி நேரம் வாதாடினேன், பயன் இல்லை. இப்படியான அறையை உள்நாட்டில் இருக்கும் உறவினரின் பெயரில், அவருடைய தொலைபேசியிலிருந்தே பதிவு செய்யுங்கள். சொன்ன தொகையை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பாராத இன்னொரு சிக்கலும் அங்கே இருந்தது. ஹோட்டலின் தோட்டத்திலிருந்து தண்ணீருக்குப் போக நல்ல அகலமான மணற்பரப்பைக் கடக்க வேண்டியிருந்தது. இளையவர்களுக்கு அது இன்பம். அம்மாவுக்கு ஒவ்வொரு அடியிலும் கால் புதைந்தது. பாதித் தூரத்தில் நின்று, "நீங்க போங்க மனே, நான் இதில இருக்கன்" என்று சொல்லிவிட்டார். பணியாளர் ஒருவர் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார், ஆனால் அன்று அம்மா தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் தம்பி சொன்ன யோசனைப்படி, குடாவின் மறு பக்கத்தில் பொதுமக்கள் குளிக்கும் இடத்துக்கு வான் வண்டியில் போனோம். அங்கே வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து கரை கிட்ட இருந்தது; ஆட்கள் நடந்து நடந்து மணல் இறுகிக் கிடந்தது. கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தும் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இருந்தன, உயிர்காப்புப் பொலிசார் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்துத் தங்கிய இடத்தைவிடப் பொது இடமே ஒரு முதியவருக்கு வசதியாக இருந்தது என்பதை இந்தப் பயணத்தில் நான் கற்ற முக்கியமான விடயமாகச் சொல்வேன். காலை ஆறரை மணிக்கு அங்கே நிற்பது இன்னும் நல்லது. கிழக்கு நோக்கிய குடா என்பதால் அந்த நேரத்து வெயில் நேரே முகத்தில் அடித்தாலும் சூடு இல்லை.

அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையால் என்னுடைய முன்கையையும் மறு கையால் பெரியவனின் தோளையும் பிடித்தபடி இறங்கினார். கணுக்கால் நனைந்ததும் நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் அசையவில்லை. அவருடைய நகம் என் கையில் பதிந்திருந்தது. அலை வருகிறதா என்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், எதுவும் வராததைக் கண்டு இன்னும் பத்தடி நடந்தார், பிறகு இன்னும் பத்தடி. தொடையளவு வந்தபோது தானாகவே என் கையை விட்டுவிட்டு, மெல்லக் குந்தி, கழுத்துவரை தண்ணீருக்குள் இருந்தார். "முந்தியும் இப்பிடித்தான் கிடந்தது" என்று மட்டும் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நாங்கள் கூப்பிட்டும் எழும்பவில்லை.

சனி, ஞாயிறு மட்டும் அங்கே வேறு உலகம். தூர ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவதால், ஒன்பது மணிக்குப் பிறகு நிழலில் இடம் கிடைக்காது, கழிப்பறைக்கு வரிசை நிற்கும். அடியில் கண்ணாடி பதித்த படகில் முருகைக்கற்களைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நாங்கள் பார்த்த பகுதியில் பெரும்பாலும் நிறமிழந்த, உடைந்த முருகைக்கல்லே இருந்தது. அதற்காகவே ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். உடைந்த துண்டுகள் தண்ணீருக்குள்ளும் கிடப்பதால் பிள்ளைகளுக்கு றப்பர் சப்பாத்து கட்டாயம். சின்னவளின் குதிக்கால் முதல் நாளே கிழிந்தது.

கல்குடாவில் ஒரு குடும்பம் நடத்தும் ஐந்து அறை விடுதியில் இருந்தோம். குளிரூட்டி ஓர் அறையில் மெதுவாகத்தான் வேலை செய்தது, சுடுநீர் இல்லை. எனினும் அம்மாவுக்குப் பிடித்த இடம் அதுதான். விடுதிக்கார அக்கா அம்மாவுக்காக இரவுச் சாப்பாட்டுக்குக் குழைந்த பிட்டும் எருமைத் தயிரும் வைத்தார். குளியலறைக்குள் கைபிடி இல்லாததைக் கண்டு, கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து உள்ளே போட்டார். கடலில் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடவில்லை, எங்கள் கண்ணில் உயிர்காப்பாளர் எவரும் படவில்லை. மாலையில் நடப்பதற்கும், ஒருவரும் இடையூறு செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கும் அந்தக் கரைக்கு நிகரில்லை.

இன்னொரு தடவை போனால் நான்கு இரவையும் கல்குடாவிலேயே போட்டு, வார நாட்களில் காலையில் மட்டும் பாசிக்குடாவின் பொதுக் கரைக்கு ஓட்டோவில் போய்வருவேன். ஹோட்டலின் ஓர் இரவுக்குக் கொடுத்ததில் விடுதியில் மூன்று இரவு இருக்கலாம். முதியவர் இல்லாமல், நீச்சல் தடாகத்தோடு ஓய்வெடுக்க மட்டும் வருகிறவர்களுக்குப் பாசிக்குடா ஹோட்டல்களே பொருந்தும். கொழும்பிலிருந்து ரெயிலில் வருகிறவர்கள் மட்டக்களப்புவரை போய்த் திரும்பாமல் வாழைச்சேனையிலேயே இறங்கிவிடலாம். நாங்களும் பிள்ளைகளும் உதயதேவியில் அப்படித்தான் வந்தோம், தம்பி அம்மாவை வானில் கூட்டிவந்தார். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழுப் பகல் பயணம் அது, ஆகவே ஒதுக்கப்பட்ட இருக்கையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நாள் விடியற்காலையில் கல்குடாக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு, இறுகிய ஈரமணல் ஓரமாகவே அதுவரை நடந்து போய், வலைக்காரரிடம் விலை பேசி இரண்டு பாரை மீன் வாங்கினார். விடுதிக்கார அக்கா அதைப் புளியாணமாக ஆக்கித் தந்தார். சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கல்லடிக்கு வெளிக்கிட்டோம்.