நியூ ஆர்லியன்ஸில் டிராமா, நீராவிப் படகா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு டிராமுக்கு. படகுக்குத்தான் ஆசைப்பட்டு, படகுக்குத்தான் நிறையச் செலவழித்து, கடைசியில் டிராமுக்கு மாறியவன் நான். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மே மாதக் கடைசி வார விடுமுறையில் ஹூஸ்டனிலிருந்து போனோம். காரில் ஆறு மணி நேரம். என் மனைவியும் ஒன்பது வயது மகளும் சேர்த்து ஐந்து பேர். முதல் நாள் மிசிசிப்பி ஆற்றில் படகு, மறுநாள் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ டிராம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன், ஏன் சொல்வேன் என்பதுதான் இது.

ஒரு சின்ன விஷயம். அந்த ஊரில் அதை டிராம் என்றும் சொல்ல மாட்டார்கள், டிராலி என்றும் சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரீட்கார். டிராலி எங்கே நிற்கும் என்று கேட்டால் வழி சொல்வார்கள், ஆனால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். நான் டிராம் என்றே எழுதுகிறேன், நமக்குப் பழகிய சொல்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். படகில் சாப்பாடு இல்லாத இரண்டு மணி நேரப் பகல் பயணத்துக்கே எங்கள் ஐந்து பேருக்கு 150 டாலரைத் தாண்டியது. டிராமில் ஆளுக்கு ஒன்றேகால் டாலர். நாள் முழுக்க ஏறி இறங்க 3 டாலருக்கு ஒரு பாஸ். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு, விலை குறைவு என்பதற்காக மட்டும் யாரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

படகைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏறியது நாச்செஸ். படகு என்பது பேச்சுக்குத்தான். 265 அடி நீளம், மூன்று தளம். 1975-இல் கட்டியது என்றாலும் உள்ளே இருக்கும் நீராவி எஞ்சின்கள் 1925-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, வேறொரு பழைய இழுவைப் படகிலிருந்து எடுத்து வைத்தவை. பின்னால் சுற்றுகிற அந்தப் பெரிய சக்கரம் அலங்காரத்துக்கு இல்லை. அதுதான் உண்மையிலேயே படகைத் தள்ளுகிறது. நாச்செஸ் என்ற பெயரில் இது ஒன்பதாவது. ஆறாவது நாச்செஸ்தான் 1870-இல் ராபர்ட் ஈ. லீ என்ற படகோடு இங்கிருந்து செயின்ட் லூயிஸ் வரை பந்தயம் ஓடித் தோற்றது. கிளம்புவதற்கு முன் மேல்தளத்தில் நீராவியில் ஊதும் குழல் வாத்தியம் ஒன்றை வாசிப்பார்கள். காலியோப்பி என்று பெயர். 32 ஸ்வரம், காது கிழியும். என் மகள் கையால் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள்.

கரையை விட்டு விலகும்போது ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரும் செயின்ட் லூயிஸ் தேவாலயத்தின் மூன்று கோபுரங்களும் தெரியும். அழகு, மறுக்க மாட்டேன். நல்ல புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் எடுத்தவைதான். அப்புறம் பழுப்பு நிறத் தண்ணீர், கிடங்குகள், வெள்ளத் தடுப்புச் சுவர், நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள். இவற்றுக்கெல்லாம் கதை இருக்கிறது. எதிர்க்கரையில் இருக்கும் ஆல்ஜியர்ஸ் முனையில் ஆறு சுமார் 200 அடி ஆழம். கீழே போனால் சால்மெட். 1815 ஜனவரி 8-ஆம் தேதி ஆண்ட்ரூ ஜாக்சனின் படை பிரிட்டிஷ் படையை முறியடித்த இடம். சமாதான உடன்படிக்கையில் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது, செய்திதான் கடல் தாண்டி வந்து சேரவில்லை. இப்படி நிறைய. ஆனால் இதெல்லாம் ஒலிபெருக்கியில் வருகிறது, அமெரிக்கத் தெற்கத்திய ஆங்கிலத்தில்.

நான் டிராம் பக்கம் சாய்ந்தது இங்கேதான். படகில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், காதுக்கு வருவது அதிகம். வர்ணனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீரும் தகரக் கொட்டகைகளும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அப்பாவுக்கு வரும், ஆனால் அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. அதனால் நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். சால்மெட் போர் என்னவென்று சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டது. யார் அந்த ஜாக்சன் என்று அம்மா கேட்டார். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர் என்றேன். அதற்குள் அடுத்த செய்தி வந்து அதை நான் விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அம்மா என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, “விடுடா, தண்ணியைப் பார்த்துக்கிட்டு வரோம்” என்றார். தண்ணீரைப் பார்க்க கொள்ளிடமே போதுமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பெரியவர்களைக் கூட்டிப் போகிற நம்மவர்கள் யாரும் இதை முன்கூட்டி யோசிப்பதாகத் தெரியவில்லை. உட்கார இடம் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்போம். மூன்றும் படகில் இருக்கிறது, டிராமில் கழிப்பறை கிடையாது. ஆனால் பார்ப்பது தானாகவே விளங்குமா, பக்கத்தில் ஒருவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்க மாட்டோம். ஆங்கில வர்ணனை தடையில்லாமல் பிடிபடும் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

மறுநாள் டிராம். கேனல் தெருவுக்குப் பக்கத்தில் கரோண்டலெட் முனையில் ஏறினோம். முதல் படி நல்ல உயரம், அம்மாவை நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. 1920-களில் செய்த பச்சை வண்டிகள். மர இருக்கை, பித்தளைப் பிடி, மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல். ஏசி கிடையாது. ஓடும்போது காற்று வரும், நின்றால் வேர்க்கும். தடம் 1835-லிருந்து இருக்கிறது. முதலில் நீராவி, பிறகு குதிரையும் கோவேறு கழுதையும், 1893-இல் மின்சாரம். மதராஸில் மின்சார டிராம் வந்தது 1895-இல், இரண்டே வருஷம் பின்னால். நம்முடையது 1953-இல் நின்றுபோனது. இங்கேயும் மற்ற தடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கேனல் தெருத் தடம்கூட 1964-இல் போய் 2004-இல்தான் திரும்பி வந்தது. செயின்ட் சார்ல்ஸ் மட்டும் எப்படியோ தப்பியது. அம்மாவுக்கு டிராம் என்றால் அவர் தாத்தா சொன்ன மவுண்ட் ரோடு கதைதான். ஏறி உட்கார்ந்ததும், “அட, மணி அடிக்குது பாரு” என்றார்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை. இரண்டு பக்கமும் கிளை விரித்த ஓக் மரங்கள். மரத்திலும் மின்கம்பியிலும் மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசிய பாசிமணி மாலைகள், மாதக்கணக்கில் அப்படியே தொங்குகின்றன. பெரிய பெரிய வீடுகள், எல்லாவற்றிலும் முன்பக்கம் தூண் வைத்த திண்ணை, அதில் ஊஞ்சல். அம்மா திண்ணைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் உயரமான தூண் ஒன்று நிற்கிறது, மேலே ஒன்றுமில்லை. இங்கே யார் இருந்தார் என்று அப்பாவே கேட்டார். ராபர்ட் ஈ. லீயின் சிலை, அடிமை முறைக்காகப் போரிட்ட பக்கத்துத் தளபதி, 2017-இல் இறக்கிவிட்டார்கள் என்றேன். முந்தைய நாள் சொன்ன பந்தயப் படகுக்கும் அவர் பெயர்தான் என்பது அப்பாவுக்கு உடனே பிடித்துக்கொண்டது. டிராமில் நான் சொன்ன விளக்கம் அவ்வளவுதான். கேள்வி அவர்களிடமிருந்து வந்தது, பதில் சொல்ல நேரம் இருந்தது, வண்டி மெதுவாகத்தான் போகிறது.

இன்னொன்று, அதில் போகிறவர்கள் எல்லாரும் சுற்றுலாக்காரர்கள் இல்லை. காய்கறிப் பையோடு ஏறுகிறவர், டுலேன் பல்கலைக்கழக மாணவர்கள், வேலை முடிந்து தூங்கி வழிகிறவர். எதிர் இருக்கையில் ஓர் அம்மாள் என் அம்மாவின் மூக்குத்தியைக் காட்டி ஏதோ சொன்னார். அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். இருவரும் மூன்று நிறுத்தம் வரை பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு அங்கே வேலையில்லை.

ஆறு வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு விஷயம். செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ நேராகப் போவதில்லை, பிறை மாதிரி வளைகிறது. ஆறு வளைவதால்தான் அது. மிசிசிப்பி ஒவ்வொரு வெள்ளத்திலும் கனமான வண்டலைக் கரையோரம் போட்டுப் போட்டுத் தானே ஒரு மேட்டை உண்டாக்கியிருக்கிறது. மேட்டைத் தாண்டினால் பள்ளம், பழைய சதுப்பு. பணக்காரர்கள் மேட்டில் வீடு கட்டினார்கள், டிராமும் அந்த மேட்டோடு போகிறது. 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் ஊரின் பெரும்பகுதி மூழ்கியபோது, இந்தப் பச்சை வண்டிகள் நின்ற பணிமனை மேட்டில் இருந்ததால் அவை தப்பின. வேறிடத்தில் நின்ற கேனல் தெருவின் புதிய சிவப்பு வண்டிகள் தண்ணீரில் கெட்டுப்போயின. அப்புறம் கொஞ்ச காலம் கேனல் தெருவில் ஓடியதும் இந்தக் கிழட்டுப் பச்சைகள்தான். செயின்ட் சார்ல்ஸில் கம்பிகள் அறுந்து கிடந்ததால் முழுத் தடமும் திரும்ப ஓட 2008 ஆனது.

டிராம் கரோல்ட்டன் அவென்யூவுக்குத் திரும்பும் முனைக்கு ரிவர்பெண்ட் என்று பெயர். அங்கே இறங்கினால் புல் மூடிய ஆற்றங்கரை எதிரிலேயே நிற்கும். ஏறினோம். அந்தப் பக்கம் சரக்குக் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் வீடுகள் கீழே. அப்பா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தண்ணி வந்தா இவன் எங்கடா போவான்?” என்றார். கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர் கேட்கிற கேள்வி. முந்தைய நாள் ஆற்றின் நடுவிலேயே இரண்டு மணி நேரம் இருந்தும் இந்தக் கேள்வி வரவில்லை. ஆற்றிலிருந்து பார்த்தால் ஊர் பள்ளத்தில் இருப்பது அவ்வளவாகத் தெரியாது.

டிராமில் குறை இல்லையா? இருக்கிறது. சரியான சில்லறை வேண்டும், மீதி தர மாட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கைச் சாய்மானங்களை எல்லாம் மறுபக்கம் தள்ளிவிட்டு, திரும்பப் புறப்படும்போது மறுபடியும் காசு கேட்பார். எங்களிடம் பாஸ் இல்லை, என் பர்ஸில் 20 டாலர் தாள்தான் இருந்தது. மனைவியின் கைப்பையைக் கவிழ்த்துப் பொறுக்கினோம். மதியத்துக்கு மேல் கூட்டம். நிறைந்துவிட்டால் நிற்காமல் போவதும் உண்டு, அதனால் காலையிலேயே, அதுவும் முதல் நிறுத்தத்தில் ஏறிவிடுங்கள். சக்கர நாற்காலி உள்ளவர்களுக்கு இந்தப் பழைய வண்டிகளை நான் சொல்ல மாட்டேன். கேனல் தெருவின் சிவப்பு வண்டிகளில் ஏற்றும் வசதியும் ஏசியும் உண்டு, ஆனால் அந்தத் தடத்தில் இந்த வீடுகளும் மரங்களும் கிடையாது.

படகில் இரவுச் சாப்பாடும் ஜாஸ் கச்சேரியுமாக ஒரு மாலைப் பயணம் உண்டு. அதில் நான் போனதில்லை. கச்சேரிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதால் என் வாதம் அங்கே செல்லாமல் போகலாம். நான் எழுதுவது ஒரே ஒரு பகல் பயணத்தை வைத்துத்தான்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படகில் நான் மொழிபெயர்ப்பைக் கைவிட்ட பிறகு, ஆளைக் காணோம் என்று தேடிப் போனால் கீழே எஞ்சின் அறை வாசலில் நிற்கிறார். அந்த 1925 எஞ்சினின் தண்டு முன்னும் பின்னும் போவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். எண்ணெய் போடுகிறவர் ஒரு குழாயைக் காட்டிச் சைகையில் ஏதோ சொல்ல, இவர் தலையாட்ட, பேச்சு நன்றாகவே நடந்தது. வெளியே வந்ததும் கரையில் டாமினோ சர்க்கரை ஆலை, 1909-லிருந்து ஓடுவது. “கரும்பு எறக்குறானா, கச்சாச் சர்க்கரையா?” என்றார். கச்சாச் சர்க்கரைதான். இரண்டு மணி நேரத்தில் அவர் சந்தோஷப்பட்டது அங்கேதான். இந்த ஒப்பீட்டை அவர் எழுதியிருந்தால் தலைகீழாக எழுதியிருப்பார். உங்கள் வீட்டுப் பெரியவரும் இயந்திரத்தோடு பிழைத்தவர் என்றால் படகுக்கே போங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கேனல் தெரு முனையிலிருந்து ஆல்ஜியர்ஸுக்கு 2 டாலரில் ஃபெர்ரி போகிறது, சில நிமிடப் பயணம். அதே தேவாலயக் கோபுரங்கள், அதே ஆறு. காலையில் டிராம், வெயில் தணிந்த பிறகு ஃபெர்ரி. நடுவில் ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரில் சிக்கரி கலந்த பால் காபி. ஊரை விட்டு வந்து மூன்று வாரத்தில் அம்மா குறை சொல்லாமல் குடித்த முதல் காபி அதுதான். படகுத்துறை பக்கத்திலேயே இருப்பதால் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே காலியோப்பி ஊத ஆரம்பித்துவிடும். அதைக் கேட்க டிக்கெட் வேண்டாம், குவார்ட்டர் முழுக்கக் கேட்கும்.