சீமெந்துக் களஞ்சியம் தங்குமிடமானால்

வவுனியா டவுனுக்குள் குடும்பமாகச் சில நாள் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு இந்த இடத்தைத் தாராளமாகச் சொல்வேன். நடுவில் உள்ள அறைகளை மட்டும் எடுக்காதீர்கள்.

முன்பு இது ஹாட்வெயார் கடை. மேல்மாடியில் சீமெந்து அடுக்குவார்கள். இப்போது கீழே பார்மசி, ஃபோன் கடை, பேக்கரி. மேலே சமையலறையோடு சேர்விஸ் அபார்ட்மென்ட்கள். கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வந்தபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கேதான் நின்றோம். எங்களுக்கு நடுவில் ஒன்று, தம்பிக்குப் பின்பக்கம் ஒன்று.

நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மெத்தைக்கு முன் சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கட்டடம் நல்ல உறுதி. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்றுதான் கணக்குப் போடுவோம். 50 கிலோ சீமெந்து மூட்டை பத்தை அந்த இடத்தில் அடுக்கினாலே 500 கிலோ. அதைத் தாங்கின தளத்துக்குக் கட்டிலும் அலுமாரியும் ஒரு சுமையா?

ஆனால் களஞ்சியத்துக்குக் காற்று எதற்கு என்று அகலமாகக் கட்டிவிட்டார்கள். முன் அறைகள் வீதியைப் பார்க்கின்றன, பின் அறைகள் வளவைப் பார்க்கின்றன. நடு அறைகளின் ஜன்னல் உள் விறாந்தைக்குத்தான் திறக்கிறது. மனைவி புட்டு அவித்த ஆவி விறாந்தையைச் சுற்றிவிட்டு எங்கள் அறைக்கே திரும்பி வந்தது. நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் அறை வைத்து நாற்சார் வீடு கட்டின எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். நடுவே கூரையை வெட்டி ஒரு முற்றம் விட்டிருந்தால் இரண்டு அறை குறைந்திருக்கும், மிச்சத்துக்குக் காற்று வந்திருக்கும். வாடகைக் கணக்கு விட்டிருக்காது.

பாத்ரூமுக்குள் போக ஒரு படி ஏற வேண்டும். இதில் குறை சொல்ல மாட்டேன். பழைய கொங்கிறீற் தளத்தைத் தாழ்த்த முடியாது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும். பேக்கரிக்காரரின் தலைக்கு மேல் அந்தக் குழாயைத் தொங்கவிடவும் கூடாது. தரையை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் படிக்கும் தரைக்கும் ஒரே நிற ரைல்ஸ் பதித்தது யாருடைய மூளையோ! அம்மா தடுக்கி விழப் பார்த்தா. அங்கே நிற்கிற பொடியனிடம் சொன்னேன். “சரி ஐயா” என்றவன், பின்னேரமே விளிம்பில் மஞ்சள் ரேப் ஒட்டிவிட்டான்.

கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. ஷவரில் பாதித் துளை அடைபட்டிருந்தது. குடிக்க ஆர்ஓ மெஷினில் வடிகட்டின தண்ணீர் வைக்கிறார்கள். அப்புறம், இத்தனை அறைக்கும் படிக்கட்டு ஒன்றுதான். கீழே பேக்கரி அடுப்பு எரியும்போது இன்னொன்று இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. உரிமையாளரிடமும் சொன்னேன், சிரித்தார்.

முன் அறை எடுத்தால் விடியவே ஷட்டர் சத்தம் எழுப்பிவிடும். பின் அறைதான் நல்லது. வான் கொண்டுபோனால் இரவே பொடியனிடம் சொல்லிவையுங்கள், காலையில் மா லொறி வந்து ஒழுங்கையை அடைத்துவிடும்.