710 வாட் ட்ரிம்மர்: வெட்டு நன்று, காலெட்தான் வில்லங்கம்

விடுமுறை நாட்களில் மட்டும் மாடியில் மர வேலை செய்யும் எனக்கு, சுழலும் வெட்டுமுனையால் மரத்தைச் செதுக்கும் கைக்கு அடக்கமான ட்ரிம்மர் ஒன்று தேவைப்பட்டது. மைக்கா ஒட்டிய பலகையின் ஓரத்தைச் சீவுவது, அலமாரித் தட்டின் முனையை உருட்டுவது, கீல் பதிக்கப் பள்ளம் எடுப்பது ஆகிய வேலைகள் அதுவரை உளியாலும் உப்புத்தாளாலுமே நடந்துவந்தன. மூன்று மாதங்களுக்கு முன்பு இணையக் கடை ஒன்றில் 710 வாட் ட்ரிம்மரையும், அதே பக்கத்தில் சேர்த்து வாங்கும்படி காட்டப்பட்ட 15 பிட்கள் (வெட்டுமுனைகள்) கொண்ட பெட்டியையும் 4,950 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே அமைப்புள்ள ட்ரிம்மர்கள் வெவ்வேறு நிறக் கூடுகளில் வெவ்வேறு பெயர்களில் சந்தையில் கிடைக்கின்றன என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கும்போது கையை உதறுவதில்லை. ஆழத்தை நிறுத்தும் திருகு, இறுக்கிய இடத்திலேயே நிற்கிறது. தேக்கிலும் ப்ளைவுட்டிலும் வெட்டு சுத்தமாக விழுகிறது. இவை அனைத்தும் எனக்குத் தெரியவந்தது மூன்றாம் நாள்தான். முதல் இரண்டு நாட்களும் ஒரு பிட்டைக்கூட இயந்திரத்தில் மாட்ட முடியவில்லை.

முனை உருட்டும் பிட்டை எடுத்து, அதன் காம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டிய காலெட்டின் வாயில் வைத்தேன், நுழையவில்லை. நட்டை இன்னும் இரண்டு சுற்றுத் தளர்த்திப் பார்த்தேன், அப்போதும் இல்லை. பெட்டியிலிருந்த 15 பிட்களையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்றபோது, எல்லாமே ஒரே இடத்தில், வாயின் விளிம்பிலேயே நின்றன. ஒரு பிட் மட்டும் நுழையாவிட்டால் பிட்டைச் சந்தேகிக்கலாம். பதினைந்தும் நுழையாவிட்டால் காலெட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. பிட் பெட்டியைத் திருப்பி அனுப்பும் எண்ணத்தில்தான் இருந்தேன்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நட்டை முழுவதுமாகக் கழற்றியபோதுதான் விஷயம் விளங்கியது. காலெட்டின் முகப்பில், நட்டு மூடியிருந்த இடத்தில், கடுகளவு எழுத்தில் 6 என்று பொறித்திருந்தது. வெர்னியர் அளவுகோலில் பிட்டின் காம்பை அளந்தால் 6.34 மி.மீ. இருந்தது. அதாவது பிட்கள் கால் அங்குலக் (6.35 மி.மீ.) காம்பு கொண்டவை. காலெட்டோ 6 மி.மீ. காம்புக்கானது. இடைவெளி ஏறத்தாழ 0.35 மி.மீ.தான். ஆனாலும் எஃகுக்குள் எஃகு நுழைய வேண்டிய இடத்தில் அது சுவரைப் போன்றது. விற்பனைப் பக்கத்தில் ‘6 / 6.35’ என்று இரண்டு எண்களையும் சாய்கோட்டின் இருபுறமும் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல நான் படித்துக்கொண்டேன். இரண்டு தனித்தனிக் காலெட்கள் என்று அதற்குப் பொருள்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் உரியது அல்ல. எங்கள் தெருவில் கதவு, நிலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் பிட்டைக் காட்டியபோது, “தம்பி, எங்க கணக்குல இது ரெண்டு நூல். கடைக்காரர் கணக்குல ஆறு எம்.எம். மிஷின் கணக்கு என்னன்னு மிஷினத்தான் கேக்கணும்” என்று சிரித்தார். ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பதால் இரண்டு நூல் என்பது சரியாக 6.35 மி.மீ. ஆகிறது. பேச்சு வழக்கில் அதையே ஆறு எம்.எம். என்று சொல்லிவிடுகிறோம். இழைப்புளிக்கும் உளிக்கும் இந்தச் சலுகை கேடு செய்யாது; காலெட்டுக்குச் செய்யும். ட்ரிம்மரின் அண்ணன்களான பெரிய ரூட்டர்களிலும் இதே கதை உண்டு. அங்கே 12 மி.மீ. காலெட்டும், நான்கு நூல் என்று நாம் சொல்லும் 12.7 மி.மீ. காலெட்டும் ஒன்றையொன்று ஏமாற்றும்.

வெர்னியர் இல்லாதவர்கள் வீட்டிலிருக்கும் 6 மி.மீ. துளையிடும் பிட்டின் வழவழப்பான பின்புறத்தைக் காலெட்டில் நுழைத்துப் பார்க்கலாம். அது ஆட்டமில்லாமல் நுழைந்து, ரூட்டர் பிட் நுழையாமல் நின்றால் காலெட் 6 மி.மீ. என்று கொள்ளலாம். ஸ்குரூ டிரைவரின் அறுகோண பிட்டைக் கொண்டு சோதிக்க வேண்டாம். அதில் கால் அங்குலம் என்பது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அளவு, மூலைக்கு மூலை அதைவிடப் பெரியது.

இயந்திரத்தின் அட்டைப் பெட்டியில், கார்பன் பிரஷ்களோடு ஒரு சிறு பிளாஸ்டிக் உறைக்குள் 6.35 என்று பொறித்த இன்னொரு காலெட் இருந்தது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எட்டு மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்டவர்களுக்கு ‘உறையைப் பாருங்கள்’ என்று எழுத இடம் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. வாடிக்கையாளர் உதவி எண்ணில் பேசியவர் எண்ணெய் விட்டு அழுத்தும்படி சொன்னார். அதைவிடத் தவறான யோசனை ஒன்றைச் சொல்ல அவர் சிரமப்பட்டுத்தான் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். காலெட் பிட்டைப் பிடிப்பது உராய்வால்; அதற்குள் எண்ணெய் விடுவது பிடியைத் தளர்த்துவதாகும்.

இதற்கு அடுத்து நடந்த தவறு முழுக்க என்னுடையது. 6.35 காலெட்டை ஸ்பிண்டிலில் (மோட்டாரோடு சுழலும் தண்டில்) வைத்து, சரியாக அமர்கிறதா என்று பார்க்கும் ஆர்வத்தில், பிட் இல்லாமலேயே நட்டை ஸ்பேனரால் இறுக்கிவிட்டேன். காலெட் என்பது நெடுக்கில் பிளவுகள் விடப்பட்ட எஃகுக் குழல். அதன் வெளிப்புறம் கூம்பாக இருக்கும். நட்டு இறுகும்போது அது ஸ்பிண்டிலின் கூம்பு வாய்க்குள் தள்ளப்பட்டு, பிளவுகள் நெருங்கி, உள்ளே இருக்கும் காம்பைக் கவ்விக்கொள்கிறது. கவ்வுவதற்குக் காம்பே இல்லாதபோது, எந்த அளவில் நிற்பது என்று அதற்குத் தெரியாது. அளவுக்கு மேல் சுருங்கி, கூம்புக்குள் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொள்ளும். நட்டைத் தளர்த்திய பிறகும் காலெட் அங்கேயே நின்றது. சரியான அளவுள்ள பிட்டும் இப்போது நுழைய மறுத்தது. இரண்டாம் நாள் மாலை இப்படித்தான் கழிந்தது.

சில ரூட்டர்களில் காலெட் நட்டோடு கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். அவற்றில் நட்டைத் திருப்பும்போது முதலில் இறுக்கம் விடும், சிறிது தூரம் இலகுவாகச் சுற்றும், பிறகு மீண்டும் கனக்கும். அந்த இரண்டாவது இறுக்கத்தையும் தாண்டித் திருப்பினால்தான் நட்டு காலெட்டை வெளியே இழுத்து விடுவிக்கும். பலர் முதல் தளர்விலேயே நிறுத்திவிட்டு, பிட் வரவில்லை என்றோ நுழையவில்லை என்றோ திகைக்கிறார்கள். நான் வாங்கியதில் இந்தப் பூட்டும் இல்லை. நட்டு தனி, காலெட் தனி. எனவே நட்டைச் சில புரிகள் மட்டும் பிடித்திருக்குமாறு தளர்த்தி, சுத்தியலின் மரக் கைப்பிடியால் அதன் பக்கவாட்டில் இரண்டு முறை மெல்லத் தட்டினேன். ‘டக்’ என்ற சிறு ஓசையுடன் காலெட் விடுபட்டது. சுத்தியலின் இரும்பு முகத்தால் ஓங்கி அடித்தால் ஸ்பிண்டிலைத் தாங்கும் பேரிங் கெடும். அப்போது பழுது காலெட்டோடு நிற்காது. நல்வேளையாகக் காலெட் நிரந்தரமாகக் கோணவில்லை. வெளியே எடுத்ததும் பிளவுகள் தம் பழைய அகலத்துக்கு விரிந்தன.

விடுபட்ட காலெட்டுக்குள் துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் தடவிய மசகு பிசுபிசுத்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கியால் உள்ளும் புறமும் தேய்த்து, பிளவுகளுக்குள் காகிதத் துண்டை விட்டு எடுத்து, ஸ்பிண்டிலின் கூம்பையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். உப்புத்தாளை உள்ளே விட்டிருந்தால் துளை சமமின்றித் தேய்ந்து, பிட் மையம் விலகிச் சுழலத் தொடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று பிட்கள் பாதி வழியில் நின்றன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வெட்டும் பகுதிக்கு அடித்த நீல வண்ணம் காம்பின் மீதும் சிந்தி, நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய தோலாக உலர்ந்திருந்தது. தின்னர் தொட்ட துணியால் துடைத்ததும் அவை வழுக்கிக்கொண்டு நுழைந்தன. இது மலிவான பிட்களின் குறை. இயந்திரத்தின் மீது அந்தப் பழியைப் போட மாட்டேன்.

காம்பைக் கடைசலில் கொடுத்து 6 மி.மீ.க்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கடைசலில் மையம் நூலிழை விலகினாலும் அந்த வேகத்தில் பிட் அதிரும், நான் இணங்கவில்லை. 6 மி.மீ. பிட்டை 6.35 காலெட்டில் மாட்டுவது இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது எளிதாக நுழைந்துவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் காலெட் தன் முழு நீளத்தால் பிடிக்காமல் விளிம்பால் மட்டுமே கவ்வுவதால், ஓட்டத்தில் பிட் மெல்ல வெளியே நழுவும். 25 மி.மீ. விட்டமுள்ள பிட் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மாட்டும்போது பிட்டை அடிவரை அழுத்திவிட்டு, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்துக்கொண்டு இறுக்குகிறேன். காம்பு வெட்டும் பகுதியோடு சேரும் இடத்தில் இருக்கும் சிறு வளைவு காலெட்டின் வாயில் சிக்கினாலும், பிட்டின் அடி ஸ்பிண்டிலின் தரையில் முட்டி நின்றாலும் பிடி முழுமையாக விழாது.

மதிப்பெண் என்று பார்த்தால் இயந்திரத்துக்கு ஐந்தில் நான்கு, கையேட்டுக்கு ஒன்று. 6 மி.மீ. காலெட்டை மாட்டி அனுப்பிவிட்டு, கால் அங்குல பிட் பெட்டியை அதே பக்கத்தில் சேர்த்து வாங்கச் சொல்லும் விற்பனை முறைக்கு மதிப்பெண் தர மனம் வரவில்லை. வாங்க எண்ணுபவர்கள் இரண்டு காலெட்களும் பெட்டியில் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கலாம். இரண்டும் இருந்தால், இந்த விலைக்கு இது நல்ல இயந்திரம். என்னுடைய 6.35 காலெட்டின் விளிம்பில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டில்லாதது 6 மி.மீ. துளையிடும் பிட்டோடு தனி டப்பாவில் கிடக்கிறது. இன்றுவரை அதற்கு வேலை வரவில்லை.