மான்டரே சைப்ரஸ் மரங்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: 640 டாலர் போயிற்று

கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையில் உள்ள பழைய சைப்ரஸ் மரங்களை ஒளிப்படம் எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லி என்னிடம் 640 டாலர் வாங்கிக்கொண்டு, எதையும் கற்றுத்தராமல் நடுவழியில் விட்டுப்போன ஒரு பயிலரங்கைப் பற்றி, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சுற்றுலா அனுபவங்களை விற்கும் முன்பதிவுத் தளம் ஒன்றில் கிடைத்த விளம்பரம் என்பது போதும். இதைப் போன்ற பயிலரங்குகளை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

மான்டரே சைப்ரஸ் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே இரண்டு தோப்புகளில்தான். ஒன்று கார்மெல் ஊருக்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோஸ் மாநில இயற்கைக் காப்பகத்தில் இருக்கிறது. மற்றொன்று பெபிள் பீச்சில் சைப்ரஸ் பாயின்ட்டை ஒட்டி இருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் தங்களிடம் சிறப்பு அனுமதி இருப்பதாகவும், காப்பகத்துக்குள் விடியலுக்கு முன்பே அழைத்துப்போவதாகவும், பெபிள் பீச் வழியாகப் போகும் 17 மைல் சாலையில் பாறை மேல் நிற்கும் புகழ்பெற்ற தனிமரத்தை வேலிக்கு அப்பால் சென்று வேர்ப்பக்கத்திலிருந்து படமெடுக்கலாம் என்றும், நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் தொகைக்குள்ளேயே அடக்கம் என்றும் விளம்பரம் கூறியது. முந்தைய பருவத்தில் வந்தவர்கள் எடுத்தவை என்று சில படங்களும் இருந்தன.

ஆனால் என்னை நம்பவைத்தது விளம்பரம் அன்று, அதன் பிறகு வந்த தொலைபேசி அழைப்பு. பேசியவர் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னிடம் என்ன லென்ஸ் இருக்கிறது என்று கேட்டு, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதையே கொண்டுவாருங்கள், அகன்ற கோண லென்ஸ் அங்கே மரத்தைச் சிறுத்துக் காட்டிவிடும் என்றார். வடக்குப் பார்த்த சரிவில் கிளைகள் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் போலப் படிந்திருப்பது ஒரு பாசி என்றும், வகையால் அது பச்சைப்பாசியாக இருந்தாலும் கரோட்டின் நிறமி மிகுந்திருப்பதால்தான் அந்த நிறம் என்றும், அதனால் மரத்துக்குக் கேடில்லை என்றும் விளக்கினார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1929இல் பாயின்ட் லோபோஸில் சைப்ரஸ் மரங்களைப் படமெடுத்ததையும், 1948இல் தமது கடைசிப் படத்தையும் அங்கேயே எடுத்ததையும் சொன்னார். சொன்னவை அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர், மரத்தின் மேல் இவ்வளவு அக்கறையோடு பேசுகிறவர், பணத்துக்காக ஆள் பிடிக்கிறவராக இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? பேச்சின் முடிவில்தான், தளத்தின் வழியாகக் கட்டிய 160 டாலர் முன்பணம் மட்டுமே என்றும், அனுமதிக் கட்டணத்தை அரசுக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டியிருப்பதால் மீதி 480 டாலரைப் பணம் அனுப்பும் கைப்பேசிச் செயலி வழியாகத் தமக்கு நேரடியாக அனுப்பினால் நல்லது என்றும் மிகவும் தன்மையாகக் கேட்டார். ஆக 640 டாலர்.

குறித்த நாளில் இருட்டோடு கார்மெலில் கூடினோம். வந்தவர் தொலைபேசியில் பேசியவரே அல்லர். ‘அவருக்கு உடம்பு சரியில்லை, நான் உதவியாளர்’ என்றார். காப்பகத்தின் வாயில் பூட்டியிருந்தது. காலை 8 மணிக்குத்தான் திறக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்படி எழுதியே வைத்திருக்கிறார்கள். விடியற்காலை ஒளி முழுவதையும் நெடுஞ்சாலை ஓரத்தில் காருக்குள் உட்கார்ந்து கழித்தோம். திறந்ததும் வாயிலில் இருந்த ஊழியர் அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். உதவியாளர் தம் கைப்பேசியில் எதையோ காட்டினார். அது செல்லாது, கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்த உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை, இவர்கள் தனியாட்களாக வருவதில் தடையில்லை என்று அந்த ஊழியர் மரியாதையாகவே சொன்னார். உடனே உதவியாளர், ‘வெளிச்சம் போய்விடும், அடுத்த இடத்துக்குப் போவோம்’ என்று எங்களைத் திருப்பிவிட்டார்.

17 மைல் சாலை நுழைவில் காருக்குச் சுமார் 12 டாலர் கட்டணத்தை நாங்களே கட்டினோம். பிறகு கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். தனிமரத்தைச் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் நிற்கும் மேடையிலிருந்துதான் பார்க்க முடியும், அதற்கு மேல் யாரும் போகக் கூடாது. இரும்பு வடங்களால் தாங்கிப் பிடித்து, 250 ஆண்டுக்கும் மேல் வயது மதிக்கப்படும் ஒரு மரத்தை நிற்கவைத்திருக்கிறார்கள். அதன் வேரை மிதிக்க யார் அனுமதி தருவார்கள், எதற்காகத் தர வேண்டும்? அங்கே நின்றபடி விளம்பரப் படத்தைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 2019 பிப்ரவரிப் புயலில் இந்த மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது செய்திகளில் வந்த விஷயம். விளம்பரப் படத்தில் அந்தக் கிளை முழுதாக இருந்தது. முந்தைய பருவத்தில் வந்தவர்கள் எடுத்த படமாம்! இதைக் கேட்கத் திரும்பினால், பின்னால் வரும் காருக்கு வழி சொல்லப் போவதாகக் கிளம்பிய உதவியாளர் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் வகுப்பு மூடுபனி காரணமாக ரத்து என்று இரவில் குறுஞ்செய்தி வந்தது. மழை பெய்கிறதென்று குடைக்கடையைச் சாத்துவதைப் போன்ற பேச்சு இது. பின்னணியை மறைத்து மரத்தைத் தனியாக எடுத்துக்கொடுக்கும் அந்தப் பனிக்காகத்தானே ஒளிப்படக்காரர்கள் அங்கே காத்துக்கிடக்கிறார்கள்.

அடுத்த நாள் நானே காருக்கு 10 டாலர் கட்டிக் காப்பகத்துக்குள் போய், ஒரு மைலுக்கும் குறைவான சைப்ரஸ் தோப்புப் பாதையில் நடந்தேன். ஆரஞ்சுப் பாசி, வெளுத்து முறுகிய கிளைகள், கீழே அலை என்று அந்த மனிதர் சொன்ன எல்லாமே அங்கே இருந்தன. 10 டாலருக்கு எவருக்கும் திறந்திருப்பதையும், யாராலும் தரவே முடியாததையும் சேர்த்து 640 டாலருக்கு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை இதைவிட மோசம். முன்பதிவுத் தளம், ஏற்பாட்டாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது. ஏற்பாட்டாளர் எடுக்கவில்லை என்று சொன்னதும், நிகழ்ச்சி ‘நடைபெற்றது’ என்று அவர் பதிவு செய்திருப்பதால் 160 டாலரையும் தர இயலாது என்றது. 480 டாலர் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே அது எங்கள் பொறுப்பில்லை என்றது. செயலி நிறுவனமோ, நீங்களே விரும்பி அனுப்பிய தொகை என்கிறது. ஒவ்வொரு பதிலும் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று முடிகிறது. யாருக்கு இங்கே பொறுமை இருக்கிறது? விளம்பரம் இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அதே முறியாத கிளையோடு.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது தளத்துக்கு மறுபடி பதில் எழுத வேண்டியிருப்பதால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மீதித் தொகையைத் தளத்துக்கு வெளியே கேட்டால் அனுப்பாதீர்கள். அனுமதி இருக்கிறது என்றால், பணம் கட்டும் முன்பே காப்பக அலுவலகத்தை அழைத்து ஏற்பாட்டாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பாயின்ட் லோபோஸில் 8 மணிக்கு முன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலிக்கு அப்பால் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.