மேடையில் கிடைக்காதது வகுப்பறையில் கிடைத்தது: ஒரு பொறியியல் கல்லூரியின் பெற்றோர் அறிமுக நாள்

2024ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் என் மகளுக்குக் கோவை மாவட்டத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தது. வகுப்புகள் தொடங்கும் முன் அக்கல்லூரி முதலாமாண்டு மாணவர்களையும் பெற்றோரையும் ஒன்றாக அழைத்து ஒரு நாள் அறிமுக நிகழ்ச்சி நடத்தியது. பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்பதை இப்போதே மதிப்பிட முடியாது. பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பப் போகும் ஒரு தாய்க்கு அந்த நாள் எவ்வளவு பயன்பட்டது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்பாடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து விட்டிருந்தார்கள். துறை வாரியாகப் பதிவு மேசைகள் இருந்தன. வழிகாட்ட இரண்டாமாண்டு மாணவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

முற்பகல் முழுவதும் கலையரங்கில் கழிந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, தாளாளர் உரை, முதல்வரின் ஆண்டறிக்கை, பொன்னாடைகள் என வரிசையாக நடந்து, சிறப்பு விருந்தினரின் உரை முடிந்தபோது மதிய உணவு நேரமாகிவிட்டது. வேலைவாய்ப்புப் பிரிவினர் திரையில் காட்டியதெல்லாம் மிக அதிகச் சம்பளம் பெற்ற மாணவர்களின் படங்களே. ஒரு பெற்றோருக்குத் தெரிய வேண்டியது வேறு: வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், நடுவில் நிற்கும் ஒரு சராசரி மாணவருக்குக் கிடைத்த சம்பளம் என்ன என்பவை. இவற்றைக் கேட்க நினைத்த பலர் கையை உயர்த்தியும், நேரமில்லை என்று சொல்லி நிகழ்ச்சியை நகர்த்திவிட்டார்கள். கல்விக் கடன் வாங்கிச் சேர்த்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த அரங்கில் இப்படிச் செய்தது எனக்கு வருத்தமளித்தது.

மேடை நிகழ்ச்சிகளில் நான் முழு மனத்துடன் பாராட்டுவது ராகிங் தடுப்புக் குழுவின் பகுதியை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் பேராசிரியை ஒருவர் நிதானமாக எடுத்துரைத்தார். இன்றைய மாணவர்கள் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அரங்கில் இருந்த என் வயதுக்காரர்களுக்கோ அந்த நாளேடுகளின் முதல் பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. மாணவரும் பெற்றோரும் இணையவழியில் தர வேண்டிய உறுதிமொழியை விளக்கியதோடு, கட்டணமில்லா உதவி எண்ணான 1800-180-5522ஐ அரங்கிலேயே எல்லோருடைய கைப்பேசியிலும் சேமிக்க வைத்தார்.

மதிய உணவுக்குப் பின் துறை வாரியாகப் பிரித்து வகுப்பறைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். இந்தப் பயணத்துக்கான முழுப் பயனும் அந்த அறையில்தான் கிடைத்தது. வகுப்பு ஆலோசகர் ஒலிபெருக்கி எதுவுமின்றி, கரும்பலகையில் எழுதியே பேசினார். எழுத்துத் தேர்வுத் தாள்களுக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று எழுதி, உள்மதிப்பீட்டில் கோட்டைவிட்டவர்களே பெரும்பாலும் அரியர் வைக்கிறார்கள் என்றார். வருகைப்பதிவு 75 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பதையும், 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர்கள் மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் காட்டினால் மட்டுமே விலக்குப் பெறலாம் என்பதையும் சொல்லி, குடும்ப விழாக்களுக்காகப் பிள்ளைகளை அடிக்கடி ஊருக்கு அழைக்க வேண்டாம் என்று எங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’ என்ற தாள் இருப்பதும், அதற்கும் மதிப்பெண் உண்டென்பதும் அங்கிருந்த பலருக்குப் புதிய செய்தி.

அறிமுகத்தின்போது அவர் ஒவ்வொரு மாணவரிடமும் பிளஸ் டூவில் எந்தப் பாடம் கடினமாக இருந்தது என்று விசாரித்தார். என் மகளின் முறை வந்தபோது நான் பதில் சொல்லத் தொடங்கியதும், “இருங்கம்மா, பாப்பாவே சொல்லட்டும்” என்று மென்மையாகத் தடுத்தார். அவள் எழுந்து, இயற்பியல் என்றாள். ஏன் என்று கேட்டதற்கும் தடுமாறாமல் காரணம் சொன்னாள். அந்த ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அங்கே பிறந்தது.

பெரிய குறை உதவித்தொகை விவரங்களில் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கும், முதல் பட்டதாரிச் சலுகை கோருபவர்களுக்கும் தனி மேசையோ அறிவிப்போ இல்லை. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு தாய் வங்கிப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் ஞெகிழிப் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறக் கல்லூரி வழியாகவே பதிவு செய்ய வேண்டும். அதை எந்த அறையில் செய்வது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அலுவலகத்தில் கேட்டால் துறைக்கும், துறையில் கேட்டால் அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். பொன்னாடைக்குக் கிடைத்த நேரத்தில் கால்பங்கு இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அசல் சான்றிதழ்கள் குறித்தும் தெளிவில்லை. அவற்றைச் சரிபார்த்த பின் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. நான் எழுத்துப்பூர்வமான ஒப்புகைச் சீட்டுக் கேட்ட பிறகு, மறுவாரமே திருப்பித் தருவதாகச் சொல்லி முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். நீங்களும் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சான்றிதழ்களுக்கும் நகல் எடுத்துக்கொள்ளாமல் கொடுக்காதீர்கள்.

விடுதி சுத்தமாக இருந்தது; சாப்பாடு சாதாரணம். வார்டன் வெளியே செல்லும் அனுமதி முறையைப் பொறுமையாக விளக்கினார். இரவில் உடல்நலம் குன்றினால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள், உடன் யார் செல்வார்கள் என்று கேட்டதற்கும் நேரான பதில் கிடைத்தது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். அதில் பெரும்பகுதி வகுப்பு ஆலோசகருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் உரியது. இதே போன்ற நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு செல்லும் பெற்றோர், வேலை நாளின் நெருக்கடியால் ஒருவேளை அரை நாள்தான் இருக்க முடியும் என்றால், காலை விழாவை விட்டுவிட்டுப் பிற்பகல் வகுப்பறைச் சந்திப்புக்குச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, அவற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.