வருடத்துக்கு இரண்டு போகி: ஓப்பன்பிஎஸ்டியோடு சில வருடங்கள்

வீட்டில் ரவுட்டராக ஒரு பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதில் இருப்பது ஓப்பன்பிஎஸ்டி, விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஒரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் 6.6 பதிப்பு வெளிவந்த சமயம், 2019 கடைசியில் போட்டது. "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் முழிப்பேன், ஏனென்றால் அதில் சொல்லும்படி ஒன்றுமே நடப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும், ஏற்றுவேன், மறந்துவிடுவேன். அதனால் இதை ஒரு சாஃப்ட்வேருக்கான விமர்சனமாகப் படிக்காதீர்கள். அதை உருவாக்குகிறவர்கள் அதன் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, விடாமல் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த வேலைக்குத்தான் மதிப்பெண் போடப் போகிறேன்.

முதலில் நம் கைக்கு வருவது. இடையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் சிஸ்பேட்ச் என்று ஒரு வார்த்தை அடித்தால் போதும். 2017இல் 6.1 வரும்வரை இந்த வசதி கிடையாது, பேட்ச் ஃபைலை (திருத்தத்தை) இறக்கி சோர்ஸில் ஒட்டி நாமே கம்பைல் செய்ய (மெஷினில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற) வேண்டும், மெதுவான மெஷினில் அது ஒரு ராத்திரி வேலை. பதிப்பு மாற்றத்துக்கு சிஸ்அப்கிரேட். ஃபைல்களை இறக்கி, டிஜிட்டல் கையெழுத்து சரிதானா என்று பார்த்து, தானே ரீபூட் ஆகி, தானே ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் இன்டர்நெட் இருக்காது என்பதால் அம்மாவின் சீரியல் நேரம் பார்த்துத் தொடங்கக் கூடாது, இது அனுபவம். ஒருமுறை பாதியில் முட்டிக்கொண்டது, ஆனால் அது என் தப்பு, டிஸ்க்கைப் பிரிக்கும்போது சிஸ்டத்தின் புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் பகுதிக்குக் கஞ்சத்தனமாக இடம் கொடுத்திருந்தேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதெல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே நடக்கும் வேலை. லினக்ஸில் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஒரு இடத்திலிருந்து வரும், மற்ற சாமான்கள் வேறு வேறு இடங்களிலிருந்து வரும், யாரோ சேர்த்துக் கட்டித் தருவார்கள். இங்கே கெர்னல், கட்டளைகள், மேன் பக்கங்கள் என்கிற உதவிக் குறிப்புகள் எல்லாம் ஒரே சோர்ஸ் மரத்தில். அதனால் ஒன்றை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தால் வீடு முழுக்க ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். 2014 மே மாதம் வந்த 5.5இல் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 32 பிட் மெஷின்கள் உட்பட எல்லாவற்றிலும் 64 பிட்டாக ஆக்கினார்கள். 2038 வந்தால் கடிகாரம் குழம்பும் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. பழைய புரோகிராம்கள் ஓடாதே என்றால், ஓடாதுதான், மறுபடி கம்பைல் செய்துகொள் என்பதுதான் பதில். பிளெட்ஜ் வந்தபோதும் அப்படித்தான். ஒரு புரோகிராம் "எனக்கு இவ்வளவுதான் வேண்டும், இதைத் தாண்டினால் என்னைக் கொன்றுவிடு" என்று கெர்னலிடம் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு அது. கட்டளை கட்டளையாக உட்கார்ந்து அடிப்படைச் சாமான்களில் சேர்த்தார்கள்.

கமிட்டுகளை, அதாவது சோர்ஸில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும், படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பாதிக்கு மேல் பரபரப்பே இருக்காது. பயன்படாத வேரியபிளைத் தூக்கியது, மேன் பக்கத்தில் எழுத்துப்பிழை, ஏதோ ஒரு நாடு கடிகாரத்தை மாற்றியதால் நேர மண்டலப் பட்டியலைப் புதுப்பித்தது. கீழே இன்னொருவர் பார்த்து "ஓகே" சொன்னதற்கான அடையாளம். 1996 வாக்கில் ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் ஃபைல் ஃபைலாகப் படித்துத் தப்புத் தேட ஆரம்பித்த பழக்கம் இன்னும் விடவில்லை. நீங்களே ஒரு சி புரோகிராம் எழுதி அதில் எழுத்துகளை நகலெடுக்கும் ஸ்டர்காப்பியைப் போட்டுப் பாருங்கள், புரோகிராமைக் கோத்து முடிக்கும் லிங்கரே "இதைப் பெரும்பாலும் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று திட்டும். மாமியார் மாதிரி, ஆனால் சொல்வது சரி.

தூக்கிப் போடுவதில் இவர்களுக்குக் கை கூசாது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்ததும், அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற குறியாக்க மென்பொருளைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் ஆக்கினார்களே, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் கழித்தார்கள். பழைய மேக், 16 பிட் விண்டோஸ், விஎம்எஸ் என்று எவருக்காகவோ ஏறிக் கிடந்த குப்பை. அதே கை புளூடூத்தையும் தூக்கியது, வேலை செய்யவில்லை, அந்த வடிவமைப்பே முட்டுச்சந்து என்று. வேலை செய்யாததை வைத்திருக்க மாட்டேன் என்பது நியாயம்தான், ஆனால் என் ஹெட்போனுக்கு அந்த நியாயம் புரியவில்லை. லேப்டாப்பில் போட நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

குறைகள் இன்னும் உண்டு. கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பேட்ச், அதாவது சுமார் ஒரு வருடம். "ஐந்து வருடம் தொடவே மாட்டேன்" என்கிற ஆபீஸ் சர்வருக்கு இது ஒத்துவராது. சிஸ்அப்கிரேட்டில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது, 7.3இலிருந்து 7.5 போக வேண்டுமென்றால் 7.4 வழியாகத்தான். ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) இல்லை, கரண்ட் பட்டென்று போனால் மறுபடி வரும்போது டிஸ்க்கை முழுக்கச் சோதித்துக்கொண்டு நிற்கும், சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி. சோர்ஸ் இன்னும் சிவிஎஸ் என்கிற பழங்கால மாற்றப் பதிவு மென்பொருளில் இருப்பதைப் பார்த்து இளசுகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விலை? ஒன்றும் இல்லை. 6.0 வரை சிடி விற்றுக்கொண்டிருந்தார்கள், அதையும் நிறுத்திவிட்டார்கள். 2014 தொடக்கத்தில் கனடாவின் கால்கரியில் இருக்கும் மெஷின்களுக்குக் கரண்ட் பில் கட்டப் பணமில்லை, 20,000 டாலர் வேண்டும் என்று கேட்கும் நிலைமைக்கு வந்தார்கள், நன்கொடை வந்ததால் தப்பித்தார்கள். தினமும் தொலைவிலிருந்து சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச்சில் நுழைகிற நாம் பெரும்பாலும் இவர்கள் எழுதிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சைத்தான் ஓசியில் ஓட்டுகிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய ஃபவுண்டேஷனுக்கு ஒரு சிறு தொகை அனுப்புகிறேன்.

ரவுட்டர், ஃபயர்வால், சின்ன மெயில் சர்வர் என்றால் யோசிக்காமல் போடுங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று ஹெட்போனுக்குக் கழித்தது.